விமானத் துறையைப் பசுமையாக்கும் கலாநிதி ஆய்வு: இலங்கையின் கிழக்கிலிருந்து போக விரும்புபவர்களுக்கு

விமானப் பொறியியல் படித்தவர்கள்தான் இதற்குப் போகலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனமோ பௌதிகமோ கணிதமோ படித்தவருக்கும், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தவருக்கும் இதில் இடம் இருக்கிறது. நீங்கள் படித்த பாடத்திலிருந்தே ஒரு கேள்வியைப் பிடியுங்கள்.

பௌதிகமும் கணிதமும் என்றால் என் தெரிவு விமானத்துக்குப் பின்னால் நீளும் வெள்ளைக் கோடுதான். உலகின் காபனீரொட்சைட்டு வெளியீட்டில் ஏறத்தாழ 2.5 வீதம் விமானங்களுடையது, ஆனால் அவற்றால் வரும் வெப்பமாதல் அதோடு முடிவதில்லை: குளிர்ந்த, ஈரம் நிறைந்த மேல்வளியில் அந்தக் கோடு மணிக்கணக்கில் கலையாமல் பரவி, பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இதைப் படிக்க ஆய்வுகூடம் வேண்டாம், ஒரு மடிக்கணினியும் பைதன் என்ற நிரல்மொழியும் போதும். ஈஆர்ஏ5 (ERA5) என்ற உலக வானிலைத் தரவும், இந்தக் கோடுகளைக் கணக்கிடும் பைகான்ட்ரெயில்ஸ் (pycontrails) மென்பொருளும் இலவசம். இலங்கைக்கு மேலால் போகும் ஒரு வான்பாதையை எடுத்து, எந்த மாதத்தில் எந்த உயரத்தில் கோடு நிலைக்கும் என்று கணக்கிட்டு நான்கு பக்கம் எழுதுங்கள். நேர்முகத்தில் பேச உங்கள் கையில் சொந்த வேலை ஒன்று இருக்கும்.

இரசாயனம், விவசாயம் படித்தவர்களுக்கு எரிபொருள். விமான எரிபொருள் கிலோவுக்கு சுமார் 43 மெகாயூல் தருகிறது, இன்றைய பற்றரி ஒரு மெகாயூல் அளவில்தான் நிற்கிறது, அதனால் நீண்ட பயணங்களுக்குத் திரவ எரிபொருளை விட முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் விமான நிலையங்களில் வழங்கும் எரிபொருளில் நிலைபேறான வகை (கழிவெண்ணெய், தாவரக் கழிவு போன்றவற்றிலிருந்து செய்வது) 2025இல் 2 வீதம், 2030இல் 6, 2050இல் 70 இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. அம்பாறை நெல் ஆலைகளின் உமியை வாயுவாக்கி எரிபொருள் செய்யலாமே என்று உடனே தோன்றும். செய்யலாம்தான், ஆனால் அதே உமியை நெல் அவிக்கவும் செங்கல் சூளைக்கும் எரிக்கிறார்கள், அதை எடுத்துவிட்டால் அதற்குப் பதிலாக அங்கே விறகை எரிப்பார்களா? இந்தக் கேள்வியை ஆலை ஆலையாகப் போய்க் கேட்கிற வாய்ப்பு நமக்குத்தான் அதிகம்.

சரி, பணம். ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுக்கும் மேரி கியூரி (MSCA) கலாநிதி வலையமைப்புகளுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். வேலை ஒப்பந்தமும் சம்பளமும் உண்டு, வேறு நிறுவனங்களில் சில மாதம் பயிற்சியும் உண்டு. போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்ற விதி இங்கிருந்து போகிறவர்களைப் பாதிக்காது. பல பல்கலைக்கழகங்கள் முதுமாணி கேட்கும், அதை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். இடங்கள் யூராக்ஸஸ் (EURAXESS) என்ற ஐரோப்பிய ஆய்வு வேலைவாய்ப்புத் தளத்தில் வரும், நேரடியாக நீங்களே விண்ணப்பியுங்கள், முகவர் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தலைப்பும் மேற்பார்வையாளரும் தனித்தனி, ஆகவே அவருடைய இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு அந்தத் தலைப்புக்கென்றே கடிதம் எழுதுங்கள். அப்புறம், சிபாரிசுக் கடிதத்துக்கு உங்கள் விரிவுரையாளரிடம் ஒரு மாதம் முன்னரே சொல்லி வையுங்கள், உங்கள் நான்கு பக்கத்தையும் அவரிடம் கொடுங்கள்.