இறுகிப்போன ஹெட் போல்ட்டை உடைக்காமல் கழற்றியது

ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் கீழுள்ள இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) மாற்ற என் காரின் இன்ஜினைப் பிரித்தேன். சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளில் மூலையில் இருந்த இரண்டு மட்டும் அசையவே இல்லை.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட்டைச் சூட்டோடு கழற்றினால் வளைந்துவிடும். வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டு வந்தேன்.

அடம்பிடித்த இரண்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்தேன். மரை பிளாக்கின் ஆழத்தில் இருப்பதால் எண்ணெய் அதுவரை போவது சந்தேகம்தான். ஆனால் போல்ட் தலைக்கும் வாஷருக்கும் நடுவில் இறங்கும். பெரிதும் உதவியது சுத்தியல். போல்ட் தலையின் மேல் கெட்டியான இரும்புத் தண்டை நிறுத்தி, நேராகச் சில அடிகள். அந்த அதிர்ச்சியில்தான் துருப்பிடிப்பு விடும். அப்புறம் ஆறுமுனை சாக்கெட், பிரேக்கர் பார் என்ற நீளமான கைப்பிடிக் கம்பி. முதலில் நூலளவு இறுக்கி, பிறகு எதிர்ப்பக்கம் சீராக இழுத்தேன். வெடுக்கென்று இழுக்கவே கூடாது. 'கிரீச்' என்று ஒரு சத்தம், ஒன்று கழன்றது.

இன்னொன்றின் தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தது. அதன்மேல் ஒரு நட்டை வெல்டு வைக்கச் சொன்னேன். பிடிமானமும் கிடைத்தது, வெல்டிங் சூட்டில் போல்ட்டும் இளகியது.

மாட்டும்போது புது போல்ட்டுகளையே போட்டேன். இறுக்கும்போதே சற்று நிரந்தரமாக நீண்டுவிடும் வகை போல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. போல்ட் துளைகளில் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் இறுக்கும்போது பிளாக்கே விரிசல் விடலாம். காற்றடித்துக் காயவைத்த பிறகே மாட்டுங்கள்.