பாடம் முடிந்த அன்றே ஒரு சின்னப் பதிவு

குமரி மாவட்டத்து ஆசிரியர் நண்பர்களே, நடத்திய பாடத்தை அன்றன்றே பதிந்து வைத்தால் அடுத்த வருடம் உதவும். இணையத்தில் கோப்புகளைச் சேமிக்க உதவும் கூகுள் டிரைவில் 15 ஜிபி வரை இடம் இலவசம். அதில் பாடவாரியாக ஃபோல்டர் திறந்து வையுங்கள்.

தோவாளை பூச்சந்தை விலையை வைத்து ஏழாம் வகுப்புக்குக் கூட்டுச்சராசரி நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாடக்குறிப்பு, கரும்பலகையின் படம், நன்றாகச் செய்த ஒரு நோட்டு, தடுமாறிய ஒரு நோட்டு, இவ்வளவு போதும். தடுமாறிய நோட்டைக் கண்டிப்பாகச் சேருங்கள். அடுத்த வருடம் அதிகம் உதவப் போவது அதுதான். பிள்ளைகளின் முகமும் பெயரும் மட்டும் படத்தில் வேண்டாம்.

அப்புறம், அன்றைக்கே இரண்டு வரி எழுதுங்கள். 'பாடம் நன்றாகப் போனது' என்று எழுதிப் பயனில்லை. 'பிச்சிப்பூ விலை திடீரென்று ஏறிய ஒரு நாளைச் சேர்த்ததும் சராசரி ஏன் அவ்வளவு உயர்ந்தது என்று பலருக்குப் புரியவில்லை. அடுத்த முறை இடைநிலை அளவையும் (விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) பக்கத்தில் போட்டுக் காட்ட வேண்டும்' என்று எழுதினால், அதை வைத்தே அடுத்த பாடத்தைத் திட்டமிடலாம்.

மாணவர் கருத்தைக் கேட்க, இணையத்தில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் கூகுள் ஃபார்ம் நல்லது. மின்னஞ்சல் சேகரிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், பெயரும் கேட்காதீர்கள். அப்போதுதான் பிள்ளைகள் மனம்விட்டுச் சொல்வார்கள். எது புரியவில்லை, எதை மாற்றலாம் என்ற இரண்டு கேள்விகள் போதும். வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள் இருந்தால் எல்லோருக்கும் துண்டுச்சீட்டே கொடுத்து, படமெடுத்து அதே ஃபோல்டரில் போடலாம்.

மறுநாள் வகுப்பில், 'நீங்கள் சொன்னதால் இதை மாற்றியிருக்கிறேன்' என்று மறக்காமல் சொல்லுங்கள். தங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த முறையும் உண்மையாக எழுதுவார்கள்.