பழைய ஓவியத்திலிருந்தும் விலங்குக் கதையிலிருந்தும் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில், சிறுகதை எழுதிப் பழகும் இளையோர் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். பழைய ஓவியம் ஒன்றையோ, இடைக்கால ஐரோப்பாவின் விலங்குநூல்களில் வரும் ஒரு பிராணியையோ கொடுத்து, அதிலிருந்து இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்வது என் வழக்கம். இது புதிய வித்தையல்ல. இலங்கையின் சிகிரியாக் குன்றில் உள்ள ஓவியப் பெண்களைப் பார்க்க வந்தவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கண்ணாடிச் சுவர் எனப்படும் அங்குள்ள மெருகிட்ட சுவரில் பாட்டுக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். தொல்லியலாளர் பரணவிதான 1956 இல் பதிப்பித்த தொகுப்பில் மட்டும் 685 பாடல்கள் உள்ளன. அவர்களுக்குக் கைவந்தது எங்களுக்கு ஏனோ வழுக்குகிறது. இருபது வருடங்களுக்கு முன் நான் விட்ட பிழைகளையே இன்றைய பிள்ளைகளும் ஒன்று தவறாமல் விடுவதைக் கண்டபின்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்துப்பிழையையும் மிகை வர்ணனையையும் பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

படத்தின் நடுவை மட்டும் பார்த்தல்

பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் புரூகலின் பெயரில் பிரசெல்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, மெழுகுச் சிறகு கட்டிப் பறந்த இக்காரஸ் கடலில் விழும் ஓவியத்தைக் கொடுத்தபோது ஏழு பேர் முன்னால் நிற்கும் உழவனைப் பற்றி எழுதிவந்தார்கள். வலது கீழ்ப்புறத்தில், கப்பலுக்கு அருகே நீரில் அமிழும் இரண்டு கால்களைக் கண்டவர்கள் மூன்று பேர். அதற்குப் பக்கத்தில் ஒரு கிளையில் கௌதாரி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை ஒருவரும் காணவில்லை. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், கைவினைஞன் தெடலஸ் பொறாமையினால் தன் சகோதரியின் மகனை உயரத்திலிருந்து தள்ளிவிட, தெய்வம் அவனைக் கௌதாரியாக்கிக் காப்பாற்றுகிறது. பின்னர் அதே தெடலஸ் தன் மகன் இக்காரசைப் புதைக்கும்போது அந்தக் கௌதாரி பார்த்துச் சிறகடித்து மகிழ்கிறது. ஒரு குடும்பத்தின் பழைய கணக்கு முழுவதும் அந்த மூலையில்தான் கிடக்கிறது. கைத்தொலைபேசியில் யாரோ ஓரங்களை வெட்டிப் போட்ட பிரதியைப் பார்த்து எழுதினால் அது கிடைக்காது.

அன்னம்

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப் பற்றி இனி யாரும் எழுத வேண்டாம்.

கருத்தை எடுத்துக்கொண்டு விலங்கை விட்டுவிடுதல்

விலங்குநூல்களில் ஒவ்வொரு பிராணிக்கும் இரண்டு பங்கு உண்டு. முதற்பங்கில் அதன் இயல்பு வரும்: வேடன் வருவதை மணத்தால் அறிந்த சிங்கம் தன் காலடித் தடத்தை வாலால் அழித்துவிட்டுப் போகும். இரண்டாம் பங்கில் அதன் சமயப் பொருள் வரும். கிறிஸ்தவத்தின் முதல் நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் எழுந்த பிசியோலோகஸ் என்ற நூலிலிருந்து வந்த முறை இது. எழுதப் பழகுபவர்கள் இரண்டாம் பங்கையே பிடித்துக்கொள்கிறார்கள். அது சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறது, கதைக்கு முடிவையும் ஆயத்தமாக வைத்திருக்கிறது. அதன்பின் எழுதப்படுவது அந்த முடிவுக்கு ஒரு சாட்சி மட்டுமே.

நான் இதை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் பெயர்ந்து மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது எனக்கு வயது பதின்மூன்று. அம்மா உருட்டிய சைக்கிளின் கரியரில் அரிசி மூட்டையும் அதன்மேல் தம்பியும் இருந்தார்கள். என் தோளில் இருந்த புத்தகப் பையின் பட்டி அறுந்து கொப்பிகள் சேற்றில் விழுந்தன. பொறுக்குவதற்காக நான் குனிந்து நின்றுவிட்டேன். பின்னால் வந்த கூட்டம் என்மேல் முட்டிச் சரிந்தது. அம்மா சைக்கிளை யாரோ ஒருவரின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "சனம் மிதிச்சுச் சாகப்போறாய், உனக்குப் புத்தகமோ?" என்றார். சில நாட்களின் பின், சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தபோது, தன் காதுத் தோட்டை விற்று எங்களுக்குப் பாணும் எனக்கு நான்கு கொப்பிகளும் வாங்கிவந்தார். அதைப் பற்றி ஒரு சொல்லும் அவர் பேசவில்லை.

பிற்காலத்தில் ஒரு கத்தோலிக்க ஆலயத்தில், நற்கருணைப் பேழையின் கதவில், தன் நெஞ்சைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் கொடுக்கும் கூழைக்கடாவின் உருவத்தைக் கண்டேன். தியாகம் என்ற பொருளை யாரோ சொன்னார்கள். கதை கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு ஓடினேன். தோடு இரத்தமாயிற்று, அம்மா கூழைக்கடா ஆனார். தியாகத்துக்குள் கன்னத்தில் விழுந்த அறை பொருந்தாததால் அதை வெட்டிவிட்டேன். சஞ்சிகை ஒன்று அதை வெளியிட்டது, பாராட்டும் கிடைத்தது. அதைப் படித்த மீனவர் ஒருவர் பண்ணைக் கடலோரத்தில் என்னை மறித்து, "தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா கூழைக்கடா நெஞ்சைக் கிழிக்கிறேல்லை. குஞ்சுதான் தாயின்ர தொண்டைக்குள்ள தலையை விட்டுத் தோண்டித் தின்னும்" என்றார். நான் எழுதியதைவிட அந்த ஒரு வசனத்தில் தாயும் பிள்ளையும் கூடுதலாக இருந்தார்கள்.

அதைவிட மோசமானது பின்னால் வந்தது. பிசியோலோகஸ் கூழைக்கடாவைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை நான் முழுதாகப் படித்தது கதை அச்சான பிறகுதான். குஞ்சுகள் வளர்ந்ததும் பெற்றோரின் முகத்தில் கொத்துகின்றன. பெற்றோர் சினந்து திருப்பிக் கொத்த, குஞ்சுகள் இறந்துபோகின்றன. மூன்றாம் நாள் தாய் தன் விலாவைக் கிழித்து அவற்றின்மேல் இரத்தத்தைச் சிந்த, அவை உயிர்பெறுகின்றன. நான் வெட்டி எறிந்த அறை பழைய நூலில் முதலாவது வரியிலேயே இருந்தது! அந்த இரவை மறுபடி எழுத நான்கு தடவை முயன்றுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அச்சான கதையின் வசனங்களே கைக்கு வருகின்றன. கேட்டுத் தெளிவதற்கு அம்மாவும் இப்போது இல்லை.

ஆகையால் என் பிள்ளைகளிடம் இரண்டாம் பங்கை ஒரு கடதாசியால் மறைக்கச் சொல்கிறேன். பிராணி செய்யும் செயல்களை மட்டும் வரிசையாக எழுதி, பிறகு கடதாசியை எடுத்து, அந்தப் பொருளுக்குள் அடங்காமல் எந்தச் செயல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கதையை அங்கே தொடங்கலாம்.

பழையவர்களைப் பார்த்துச் சிரித்தல்

குஜராத்திலிருந்து கோவா வழியாகக் கப்பலில் சென்ற காண்டாமிருகம் 1515 இல் லிஸ்பனை அடைந்தது. ஜெர்மானிய ஓவியர் டூரர் அதை நேரில் காணாமல், ஒரு கடிதத்தையும் ஒரு கோட்டுப்படத்தையும் வைத்துக்கொண்டு மரச்செதுக்கில் வரைந்தார். உடம்புக்குக் கவசம் போட்டு, தோளின்மேல் இல்லாத சிறுகொம்பு ஒன்றையும் வைத்தார். அந்தக் கொம்பைக் கேலி செய்து ஒருவர் மூன்று பக்கம் எழுதிவந்தார். அந்த மிருகமோ அடுத்த ஆண்டு, பாப்பரசருக்குப் பரிசாகப் போகும் வழியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் நீந்த முடியாமல் இத்தாலிக் கரையோரக் கடலில் மூழ்கியது. மூன்று பக்கத்தில் அது ஒரு வரியாகவும் வரவில்லை.

கவரிமான்

அது மானல்ல. குறளில் இருப்பது கவரிமா, அதாவது கவரி என்னும் விலங்கு. புறநானூற்றின் 132 ஆம் பாட்டில் கவரி வடதிசையில் நரந்தம்புல் மேய்கிறது.

கதையோடு படத்தையும் சேர்த்து அனுப்புதல்

அனுப்பாதீர்கள். சென்ற மாதம் எனக்கு அப்படி நான்கு கதைகள் வந்தன. நான்கிலும் நான் முதலில் பார்த்தது படத்தைத்தான். இரண்டில் அதற்குப் பிறகு எதையும் படிக்கவில்லை.