காரில் சத்தமா? பில் கட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடகைக்கு விடும் கார்கள் சிலவற்றை வைத்துப் பிழைப்பவன் நான். புதிதாகச் சேரும் டிரைவர்களும் பழைய கார் வாங்கிய நண்பர்களும் ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது சரியாண்ணே?" என்று கேட்பார்கள். சத்தம் எப்போது வருகிறது என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருக்காது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அந்த ரகம்தான். ஆயில் அளவு, டயரில் காற்று போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அதெல்லாம் டிரைவிங் ஸ்கூலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

பாகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போவது

"லிங்க் ராடு போயிடுச்சு, மாத்திடுங்க" என்று வண்டியை விட்டால், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இணைப்புக் கம்பியை மெக்கானிக் மாற்றித் தருவார். சத்தம் அப்படியே இருந்தாலும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது, கேட்டதைத்தானே செய்தார்! யூடியூப் பார்த்துவிட்டு வருபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

சத்தம் வரும் நேரத்தை மட்டும் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக் என்றால் பெரும்பாலும் ஆக்ஸில் ஜாயின்ட். சக்கரத்துக்கு உள்பக்கம் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சின்னப் பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது கடகடவென்றால் லிங்க் ராடு அல்லது மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்திவிட்டுச் சில நொடியில் அடங்கினால் பெல்ட். நியூட்ரலில் நிற்கும்போது வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் போனால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங் மேல் சந்தேகப்படலாம். மிதித்தால்தான் வருகிறது என்றால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், ஆனால் பில் ஒன்றல்ல.

வேகத்தோடு ஏறும் "ஊஊங்" சத்தத்துக்குச் சோதிக்காமல் பேரிங் மாற்றுவது

என் மச்சான் பழைய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கினார். 60-ஐத் தாண்டினால் பேச்சுக் கேட்காத அளவுக்கு முழக்கம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "முன் வீல் பேரிங் ரெண்டும் போச்சு" என்றார்கள். மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. "அப்ப பின்னாடியா இருக்கும்." அதுவும் ஆயிற்று. அடுத்து கியர்பாக்ஸை இறக்கி ஏற்றினார்கள். எல்லாம் முடிந்தபின் சொன்னது: "இந்த மாடல்ல இது நார்மல் சத்தம்தான் சார்." நார்மல் என்றால் முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே! இந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வண்டி என்னிடம் வந்தபோது பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். ஒரு திசையில் வழுக்கியது, எதிர்த் திசையில் ரம்பப் பல்லாக இடறியது. முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டதும், பின் சீட்டுக்குக் கீழே கேட்ட சத்தம் டிரைவரின் காலடிக்கு வந்துவிட்டது. கத்தியது டயர்தான். பஞ்சர் கடையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். அதற்குள் மச்சான் கொடுத்திருந்தது 20,000 ரூபாய்க்கு மேல். கிட்டத்தட்ட நாலு புது டயரின் விலை.

சோதிப்பது கஷ்டமே இல்லை. ஓடும்போதே கிளட்சை மிதியுங்கள். இன்ஜின் சுற்று இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் இன்ஜினை விட்டுவிடலாம். சொரசொரப்பான ரோட்டிலிருந்து புதிதாகத் தார் போட்ட வழவழப்பான ரோட்டுக்கு ஏறியதும் சத்தம் மாறுகிறதா? டயரைப் பாருங்கள். பேரிங்குக்கு ரோடு எதுவானாலும் ஒன்றுதான். காலியான சாலையில், மிதமான வேகத்தில், மெல்ல இடப்பக்கம் வளைத்துப் பாருங்கள். எடை வலப்பக்கச் சக்கரங்களில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங். அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லி, ஸ்பிரிங்கின் மேல் விரலை வையுங்கள். கெட்ட பேரிங்கின் நறநறப்பு விரலுக்கு வந்துவிடும்.

பேரிங்தான் என்று உறுதியானால், "பிரஸ் மெஷின் இருக்கா?" என்று கேளுங்கள். பல கார்களில் அதை அழுத்தித்தான் பொருத்த வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புது பேரிங்கும் சீக்கிரமே பாடத் தொடங்கும். டயர்தான் என்றால், அலைன்மென்ட்டையும் ஷாக் அப்சார்பரையும் பார்க்காமல் புது டயர் வாங்காதீர்கள். அதுவும் அப்படியே தேயும்.

"ஜோடியா மாத்தணும்" என்றாலே ஏமாற்று என்று நினைப்பது

மெக்கானிக் பக்கமும் நியாயம் உண்டு. பிரேக் பேடையும் ஷாக் அப்சார்பரையும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதுதான் முறை. கிளட்ச் பிளேட்டோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்கையும் எஸ்டிமேட்டில் எழுதினால் சரி என்று சொல்லிவிடுங்கள். இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்கும் கூலியை யார் கொடுப்பது? வீல் பேரிங்கை ஜோடியாகச் சொன்னால்தான் காரணம் கேட்க வேண்டும். கெட்ட பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்.

பிரேக்கில் கீச் போய் கரகர வந்த பிறகும் ஓட்டுவது

தேய்ந்த பேடோடு, அது அழுத்திப் பிடிக்கும் டிஸ்க்கும் சேர்ந்து போகும்.

ஆயில் விளக்கு எரிந்து, இன்ஜின் தட்டும்போது ஊர் போய்ச் சேரப் பார்ப்பது

ஓரம் கட்டி ஆஃப் செய்யுங்கள். டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.

பழைய பாகத்தை பில் வந்தபின் கேட்பது

வேலை தொடங்கும் முன்பே சொல்லி வையுங்கள், "கழட்டினத எடுத்து வைங்கண்ணே" என்று. கடைசியில் கேட்டால் மூலையில் கிடக்கும் வேறு வண்டிச் சாமான்கூட கைக்கு வரலாம். லிங்க் ராடு என்றால் அதன் பந்து மூட்டைக் கையால் ஆட்டுங்கள். தேய்ந்தது தளர்ந்து ஆடும். அப்புறம், வேலைக்கு முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து எந்த ரோட்டில் சத்தத்தைக் காட்டினீர்களோ, அதே ரோட்டில் அதே வேகத்தில் அவரோடு இன்னொரு முறை ஓட்டிவிட்டு ஜிபே-யைத் திறங்கள்.