ஆர்டர் பெருகும்போது எதை அளப்பது, எதைத் தானியங்கியிடம் ஒப்படைப்பது

ஈரோடு மாவட்டத்தில் மரச்செக்கில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி, சொந்த இணையதளம் வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் வெளியூர்களுக்கு அனுப்பும் ஒரு குடும்ப நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் முப்பது, நாற்பது ஆர்டர் வந்த காலத்தில் யார் ஐந்து லிட்டர் கேனாக வாங்குவார், யார் கண்ணாடி பாட்டில்தான் வேண்டும் என்பார் என்பதெல்லாம் உரிமையாளருக்கு மனப்பாடம். ஆர்டர் 150ஐத் தொட்டதும் அந்த மனக்கணக்கு கை கொடுப்பதில்லை. அப்போது பெரும்பாலானோர் முதலில் விளம்பரத் தொகையைக் கூட்டுகிறார்கள். அடுத்ததாக, எல்லோருக்கும் ஒரே செய்தியை மொத்தமாக அனுப்பும் மென்பொருளை வாங்குகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் எண்ணிக்கை சரியாக வேண்டும். பிறகு, சில வாரங்கள் கையால் செய்து பார்த்துப் பலன் தெரிந்த வேலையை மட்டுமே தானியங்கியிடம் கொடுக்க வேண்டும்.

எண்ணிக்கை எங்கே தவறுகிறது

இணையதளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதிய தரவுகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. இப்போதுள்ள நான்காம் பதிப்பு, இணையதளத்தில் ஒருவர் செய்யும் ஒவ்வொரு செயலையும் தனித்தனி நிகழ்வாகப் பதிகிறது. தொடக்கத்தில் நான்கு நிகழ்வுகள் போதும்: பொருளின் பக்கத்தைப் பார்த்தது, கூடையில் போட்டது, பணம் செலுத்தத் தொடங்கியது, வாங்கி முடித்தது. கணக்கைத் திறந்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. விரிவான ஆய்வுகளுக்கான தரவை எத்தனை மாதம் வைத்திருப்பது என்ற அமைப்பு, மாற்றாமல் விட்டால் 2 மாதமாகவே இருக்கும். அதை 14 மாதமாக மாற்றிவிட வேண்டும். எண்ணெய் வியாபாரத்தில் தீபாவளிப் பலகாரத்துக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் வாங்குவதுதான் ஆண்டின் பெரிய விற்பனை. 2024இல் தீபாவளி அக்டோபர் 31இல் வந்தது, 2025இல் அக்டோபர் 20இல் வந்தது. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டவருக்கு விற்பனை சரிந்ததாகவோ ஏறியதாகவோ பொய்த் தோற்றம் கிடைத்திருக்கும். தீபாவளிக்கு முந்தைய 21 நாளை, சென்ற தீபாவளிக்கு முந்தைய 21 நாளோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்குச் சென்ற ஆண்டின் தரவு கையில் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் பணம் செலுத்தும் முறையே எண்ணிக்கையைக் கெடுக்கும் பெரிய காரணம். வாடிக்கையாளர் இணையதளத்திலிருந்து யு.பி.ஐ. செயலிக்குப் போகிறார், பணம் செலுத்துகிறார், ‘வெற்றி’ என்று பச்சை நிறத்தில் வந்ததும் செல்பேசியைக் கீழே வைத்துவிடுகிறார். இணையதளத்தின் நன்றிப் பக்கம் திறக்கவே இல்லை. வாங்கியதை அந்தப் பக்கத்தில்தான் பதியச் செய்திருந்தால், பணம் வங்கிக்கு வந்திருக்கும், அனலிட்டிக்ஸில் விற்பனை இராது. பணப் பரிமாற்ற நிறுவனம் உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் ‘பணம் வந்தது’ என்ற அறிவிப்பைக் கொண்டு விற்பனையைப் பதியும்படி இணையதளத்தைச் செய்தவரிடம் சொல்லுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: நன்றிப் பக்கத்தை ஒருவர் மறுபடி திறந்தால் ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகும். ஒவ்வொரு விற்பனையுடனும் ஆர்டர் எண்ணையும் சேர்த்து அனுப்பினால், ஒரே எண் இரண்டாம் முறை வருவதை அனலிட்டிக்ஸ் கழித்துவிடும். பணப் பரிமாற்றப் பக்கத்திலிருந்து திரும்பி வருபவரை, அந்தப் பக்கம்தான் அனுப்பி வைத்ததாகக் கணக்கில் எழுதிவிடாமல் இருக்க, அதன் முகவரியை விலக்கப்பட்ட பரிந்துரைகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லையெனில், இன்ஸ்டாகிராமுக்குச் சேர வேண்டிய பெயர் பணப் பரிமாற்ற நிறுவனத்துக்குப் போகும்.

வெளியில் பகிரும் ஒவ்வொரு இணைப்பிலும் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் யு.டி.எம். குறியீட்டைச் சேர்ப்பது பலருக்கும் தெரிந்ததே. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கணக்கிடப்படும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஃபேஸ்புக் என்பதை ஒருவர் பெரிய எழுத்தில் தொடங்கியும் இன்னொருவர் சிறிய எழுத்திலும் எழுதினால், அறிக்கையில் அது இரண்டு வரிகளாகப் பிரிந்து நிற்கும். எல்லாம் சிறிய எழுத்து என்று ஒரே விதியை வைத்து, குறியீடுகளை ஒரு பொதுத் தாளில் எழுதிவைத்து, அதிலிருந்து மட்டும் நகலெடுக்கச் சொல்லுங்கள்.

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இணையதளத்தில் வாங்காமல், வாட்ஸ்அப்பில் ‘ஒரு லிட்டர் என்ன விலைங்க?’ என்று கேட்டு வாங்குபவர்கள் நம் பக்கத்தில் மிக அதிகம். இவர்களை விட்டுவிட்டு எந்தக் கணக்கும் நிறைவு பெறாது. வாட்ஸ்அப் இணைப்பிலேயே முதல் செய்தியை எழுதிவைக்க முடியும். இன்ஸ்டாகிராமில் தரும் இணைப்பைத் தொட்டால் ‘வணக்கம், நல்லெண்ணெய் விலை வேண்டும் - இ1’ என்றும், கூகுள் விளம்பரத்தில் தருவதைத் தொட்டால் ‘கூ1’ என்று முடியும்படியும் அமையுங்கள். செய்தியைப் பார்ப்பவர் அந்தக் குறியை ஆர்டர் தாளில் ஒரு பத்தியில் எழுதினால் போதும். இதற்குச் செலவே இல்லை.

ஒரு வாடிக்கையாளரின் உண்மையான விலை

ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் விளம்பரக் கணக்கு, மாற்றாமல் விட்டால், விளம்பரத்தைத் தொட்ட 7 நாளுக்குள்ளோ பார்த்த 1 நாளுக்குள்ளோ நடந்த விற்பனையைத் தன்னுடையதாக எழுதிக்கொள்ளும். கூகுள் தன் பங்கைத் தனியாக எழுதும். ஒரே ஆர்டருக்கு இருவரும் உரிமை கோரலாம். 2021இல் ஐபோன் இயங்குதளத்தின் 14.5 பதிப்பு, பயனரின் அனுமதி இல்லாமல் செயலிகள் அவரைப் பின்தொடரக் கூடாது என்று வைத்த பிறகு, இந்த எண்களில் ஒரு பகுதி மதிப்பீடாகவே இருக்கிறது. எனவே எது உண்மை என்பதற்கு உங்கள் பில் கணக்குதான் சாட்சி.

கணக்கைப் போட்டே பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. மாதம் ரூ. 30,000 விளம்பரச் செலவு, அதன் வழியாக 150 ஆர்டர். ஆர்டருக்கு ரூ. 200 என்று விளம்பரக் கணக்கு காட்டும், மனம் குளிரும். ஆனால் அந்த 150இல் 90, பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தரும் சி.ஓ.டி. ஆர்டர்கள். அவற்றில் 18 வாங்கப்படாமல் திரும்பி வந்தன. போக வர கூரியர் செலவு தலைக்கு ரூ. 150 என்றால், ரூ. 2,700 நட்டம். கைக்குச் சேர்ந்தவை 132. அவற்றில் 60 பேர் ஏற்கெனவே நம்மிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியவர்கள். ஆகப் புதியவர்கள் 72 பேர். ரூ. 32,700ஐ 72ஆல் வகுத்தால் ஒருவரைக் கொண்டுவர ரூ. 454 ஆகிறது.

ரூ. 1,100 மதிப்புள்ள ஓர் ஆர்டரில் எள், ஆட்டுக்கூலி, பாட்டில், அட்டைப்பெட்டி, கூரியர், பணப் பரிமாற்றக் கட்டணம் எல்லாம் போக ரூ. 260 மிஞ்சுகிறது என்று கொள்வோம். முதல் ஆர்டரில் ரூ. 194 கையைக் கடிக்கிறது. அவரே இரண்டாம் முறை விளம்பரமின்றி வந்தால் கணக்கு ரூ. 66 லாபத்துக்குத் திரும்புகிறது. வேறு வகையில் சொன்னால், புதிதாக வந்த 100 பேர் மொத்தம் 175 ஆர்டராவது கொடுத்தால்தான் முதல் தேறும். வளரும் நிறுவனம் நாள்தோறும் பார்க்க வேண்டிய எண் விளம்பரத்தைத் தொட்டவர்களின் எண்ணிக்கையோ பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையோ அன்று. முதல்முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்பதே.

இதைக் காண விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. செல்பேசி எண், ஆர்டர் தேதி, தொகை என்ற மூன்று பத்திகள் கொண்ட ஒரு கூகுள் ஷீட் போதும். முதலில் வாங்கிய மாதத்தின்படி வாடிக்கையாளர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரியுங்கள். ஜனவரியில் புதிதாக வந்தவர்களில் பிப்ரவரியில் எத்தனை பேர், மார்ச்சில் எத்தனை பேர் என்று குறுக்காக நிரப்புங்கள். பிறகு, வந்த வழியின்படியும் பிரித்துப் பாருங்கள். தள்ளுபடி விளம்பரத்தில் வந்த கூட்டம் ஒரே மாதத்தில் கரைவதும், ‘எள்ளும் கருப்பட்டியும் செக்கில் எப்படி ஆட்டப்படுகின்றன’ என்ற காணொளியைப் பார்த்து வந்த சிறு கூட்டம் மாதக்கணக்கில் நிற்பதும் இந்தத் தாளில்தான் கண்ணில் படும். அப்படிப் பட்டால், ஆர்டருக்கு அதிகம் செலவாகும் விளம்பரமே நல்ல விளம்பரமாக இருக்கலாம்.

எதைத் தானியங்கியாக்குவது

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இலவசமாகக் கிடைக்கும் விரைவுப் பதில்களும் லேபிள்களும் முதல் கட்டத்துக்குப் போதுமானவை. அதன் மொத்தச் செய்திப் பட்டியலில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரைதான் சேர்க்கலாம், அதுவும் உங்கள் எண்ணைத் தம் செல்பேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். இந்த எல்லை முட்டும்போது மென்பொருளோடு இணையும் கட்டணச் சேவைக்கு மாறலாம். அங்கே நீங்களாகத் தொடங்கும் செய்திகளின் வார்ப்புருவுக்கு, அதாவது எழுதிவைத்த மாதிரி வாசகத்துக்கு, முன்அனுமதி வேண்டும். வாடிக்கையாளர் எழுதிய 24 மணி நேரத்துக்குள் மட்டுமே வார்ப்புரு இல்லாமல் பதில் எழுதலாம். விளம்பரச் செய்திக்கான கட்டணம், ஆர்டர் விவரம் சொல்லும் செய்திக்கானதைவிட அதிகம். எஸ்.எம்.எஸ். அனுப்புவதானால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் வார்ப்புருவையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. பதிவுத் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

முதலில் ஒப்படைக்க வேண்டியது, வாடிக்கையாளர் எதிர்பார்த்திருக்கும் செய்திகளை: ஆர்டர் கிடைத்தது, பார்சல் கிளம்பியது, கூரியர் எண் இது. ‘என் பார்சல் எங்கே?’ என்ற அழைப்புகள் குறைந்து, தொலைபேசி எடுப்பவருக்கு விற்பனை பேச நேரம் கிடைக்கும். அடுத்தது சி.ஓ.டி. ஆர்டரை அனுப்புமுன் ‘உறுதி செய்யுங்கள்’ என்று கேட்கும் செய்தி. பதில் வராதவரை ஒரு முறை தொலைபேசியில் அழைத்த பிறகே பார்சல் கட்டுங்கள். எந்த அஞ்சல் குறியீட்டு எண்ணிலிருந்து அடிக்கடி ரிட்டர்ன் வருகிறது என்று தாளில் பார்த்து, அங்கே முன்பணம் செலுத்துபவருக்கு மட்டும் என்று வரையறுக்கலாம்.

பணம் தருவது மறு ஆர்டர் நினைவூட்டல். எண்ணெய் தீரும் பொருள், தீரும் நாளைக் கணிக்க முடியும். ஒரு லிட்டர் வாங்கியவர்களின் இரண்டு ஆர்டர்களுக்கு இடைப்பட்ட நாட்களை எடுங்கள். ஐந்து லிட்டர் வாங்கியவர்களைத் தனியாக வையுங்கள். இங்கே சராசரி ஏமாற்றும். ஐந்து பேரின் இடைவெளி 28, 31, 33, 35, 120 நாட்கள் என்றால் சராசரி 49. ஆனால் வரிசையின் நடுவில் நிற்கும் எண் 33. ஐம்பதாம் நாளில் நினைவூட்டினால், நால்வர் அதற்குள் பக்கத்துக் கடையில் வாங்கியிருப்பார்கள். 28ஆம் நாள் வாக்கில் செய்தி போக வேண்டும்.

நான் உதவி செய்த ஒரு நிறுவனத்தில் இந்த நினைவூட்டலை அமைத்தபோது செய்த தவறு இன்னும் எனக்கு உறுத்துகிறது. ஓர் அம்மாவுக்கு அனுப்பிய பாட்டில் வழியில் உடைந்து, பெட்டி முழுக்க எண்ணெய் ஊறிப் போய்ச் சேர்ந்தது. படத்துடன் புகார் அனுப்பியிருந்தார், மாற்றுப் பாட்டில் இன்னும் போகவில்லை. இருபத்தெட்டாம் நாள் காலையில் ‘எண்ணெய் தீரும் நேரமாச்சுங்களா?’ என்று நான் எழுதிய செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ‘உடைஞ்ச பாட்டில்ல என்ன தீரும் தம்பி?’ என்று அவர் திருப்பிக் கேட்டது நியாயமான கேள்வி. ஆர்டர் தாளும் புகார்த் தாளும் ஒன்றை ஒன்று அறியாமல் இருந்ததே காரணம், அதை அமைத்தவன் நான். அன்றிலிருந்து, எதை அனுப்புவது என்பதற்கு முன்பாக எப்போது நிறுத்துவது என்பதைத்தான் முதலில் எழுதுகிறேன்: புகார் திறந்திருந்தால் நிறுத்து, பார்சல் போய்ச் சேரவில்லை என்றால் நிறுத்து, இடையில் வாங்கிவிட்டால் நாட்களை முதலிலிருந்து எண்ணத் தொடங்கு, ‘வேண்டாம்’ என்றால் நிரந்தரமாக நிறுத்து. கடைசியாகச் சொன்னதைச் சட்டமும் சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது.

விளம்பரத் தொகையைக் கூட்டுவது

இரண்டாம் ஆர்டரின் கணக்கு மூன்று மாதம் தொடர்ந்து தேறினால் தொகையைக் கூட்டலாம். மெட்டாவில் ஒரு விளம்பரத் தொகுப்பு, யாருக்குக் காட்டினால் விற்கும் என்று கற்று நிலைப்பட வாரத்துக்குச் சுமார் 50 விற்பனை தேவை. நாளொன்றுக்கு ரூ. 1,000 செலவில் வாரத்துக்கு 35 ஆர்டர் வரும் நிலையில், அதை ஐந்து தொகுப்பாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 7 மட்டுமே கிடைக்கும், எதுவும் தேறாது. ஒரே தொகுப்பாக வைத்து, அதற்குள் படங்களையும் வாசகங்களையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு படத்துக்கு 40 ஆர்டர், இன்னொன்றுக்கு 46 என்றால் வென்றது எது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த அளவு வேறுபாடு தற்செயலாகவே வரும்.

தொகையைக் கூட்டுமுன் செக்கடியில் போய் நில்லுங்கள். மரச்செக்கு தன் வேகத்தில்தான் ஆட்டும், ஆட்டிய எண்ணெய் தெளியவும் நாள் வேண்டும். ஒரு வாரத்தில் எத்தனை லிட்டர் தெளிந்து பாட்டிலுக்கு வரும் என்பதை முதலில் எழுதி, விளம்பரம் கொண்டுவரும் ஆர்டரை அதற்குள் அடக்குங்கள். ஸ்டாக் தாளில் நல்லெண்ணெய் நான்கு நாள் விற்பனைக்கும் கீழே இறங்கினால் அதன் விளம்பரம் தானாக நிற்கும்படி ஒரு விதியை அமைக்கலாம். அமைக்கத் தெரியாவிட்டால், நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு ஒருவர் தாளைப் பார்த்துக் கையாலேயே நிறுத்தலாம். பழைய வாடிக்கையாளருக்கான நினைவூட்டலை மட்டும் அப்போதும் நிறுத்த வேண்டாம். இருக்கும் பாட்டில்களை அவர்களுக்கென எடுத்து வையுங்கள்.