திரையில் சரியாகத் தெரியும் வெடித்துளைகள்: சுரங்க வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் வெடித்துளைகளின் அமைப்பு இன்று கணினியில்தான் முடிவாகிறது. டெஸ்விக், சர்பாக், டேட்டாமைன், வல்கன் போன்ற திட்டமிடல் மென்பொருள்களும், பிளாஸ்ட்மேப், ஜேகே சிம்பிளாஸ்ட் போன்று வெடிவைப்புக்கென்றே எழுதப்பட்டவையும் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான துளைகளைத் திரையில் அடுக்கிக் காட்டிவிடும். அந்த அடுக்கின் ஒழுங்கைப் பார்த்து வேலை முடிந்துவிட்டதாக நம்பிவிடுவதுதான் இளம் பொறியாளர்களிடம் நான் அதிகம் காணும் குறை. மென்பொருள் கணக்கில் தவறுவது அரிது. நாம் அதற்குக் கொடுக்கும் ஆயத்தொலைவு, தரைமட்டம், பாறை, துளையின் விட்டம், வெடிக்கும் நேரம் ஆகியவை களத்தில் உள்ளவைதானா என்று பார்க்காமல் விடுவதிலிருந்தே பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்து, 1913ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் இறங்கிய தமிழர்களின் காலம் தொட்டு இந்நாட்டுச் சுரங்கங்களில் நம்மவர்கள் இருந்துவருகிறார்கள். இன்று சுரங்க நகரங்களான எமலஹ்லெனியிலும் கத்துவிலும் மொக்கோபானேயிலும் திட்டமிடல் பிரிவுகளுக்கு வந்து சேரும் தமிழ்ப் பொறியாளர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

வேறு நாட்டில் பயிற்சி பெற்று இங்கு வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ஆயத்தொலைவு முறை. 1999 ஜனவரி 1 முதல் இந்நாட்டின் அதிகாரப்பூர்வ நில அளவை அடிப்படை ஹார்ட்டபீஸ்ட்ஹூக் 94 ஆகும். அதன் மேல், வளைந்த நிலத்தைத் தட்டையான வரைபடமாக்கும் கௌஸ் கன்ஃபார்ம் வீழல் முறையில், 2 பாகை அகலமுள்ள பட்டைகளாக நாடு பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பட்டையும் அதன் நடுத் தீர்க்கரேகையின் எண்ணால் எல்ஓ 23, எல்ஓ 29 என்று அழைக்கப்படுகிறது. சிஷென் இரும்புச் சுரங்கம் எல்ஓ 23 பட்டையிலும் எமலஹ்லெனி நிலக்கரி வயல் எல்ஓ 29 பட்டையிலும் அமைந்துள்ளன. இம்முறையில் ஒய் மதிப்பு மேற்கு நோக்கியும் எக்ஸ் மதிப்பு தெற்கு நோக்கியும் கூடுகிறது. பெரும்பாலான மென்பொருள்களோ கிழக்கும் வடக்கும் கூடும் என்று எதிர்பார்க்கின்றன. குறிகளை மாற்றாமல் ஒய், எக்ஸ் எண்களை அப்படியே கிழக்கு, வடக்கு என்று உள்ளிட்டால் முழு வரைபடமும் 180 பாகை சுழன்று நிற்கும். ஒரு குறியை மட்டும் மாற்றினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகும். இரண்டாவது பிழை, வண்டிகள் குழிக்குள் இறங்கும் சாய்பாதை தவறான பக்கத்தில் தெரிவதால் விரைவில் அகப்பட்டுவிடும். முதல் பிழையில் உருவம் மாறுவதில்லை; எனவே எல்லாத் தரவும் ஒரே தவறோடு வந்திருந்தால் அது வெகுநேரம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

சாய்வுத் துளைகளில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. இங்குள்ள மரபில் திசைக்கோணம் தெற்கிலிருந்து அளக்கப்படுகிறது. மென்பொருள் வடக்கிலிருந்து அளக்கிறது. இறுதிச் சுவரைக் காப்பதற்காக இடும் முன்பிளவுத் துளைகளின் கோணத்தை மாற்றி எழுத மறந்தால், குழியை நோக்கிச் சாய வேண்டிய துளைகள் சுவருக்குள் சாய்ந்துவிடும். வெளியாரிடமிருந்து வரும் ட்ரோன் அளவைகள் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகின்றன. அவை உலகப் பொதுக் கட்ட முறையான யூடிஎம் முறையில் வருவதுண்டு. எமலஹ்லெனி பகுதியில் யூடிஎம் கட்டமும் எல்ஓ 29 கட்டமும் ஏறத்தாழ ஒரு பாகை திரும்பியிருக்கும். ஒரு முனையை மட்டும் பொருத்திவிட்டு நகர்ந்தால், ஒரே முறையில் வெடிக்கும் பகுதியான பிளாக் 300 மீட்டர் நீளமிருந்தால் அதன் மறுமுனை 4 மீட்டருக்கும் மேல் விலகிவிடும். ஆகவே எந்தக் கோப்பையும் ஏற்கும் முன், களத்தில் நிரந்தரமாக உள்ள குறைந்தது மூன்று கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பழைய நிலத்தடிச் சுரங்கங்களின் மேல் திறந்தவெளிச் சுரங்கம் நடக்கும் எமலஹ்லெனி வயலில் இதே பிழை உயிருக்கு உலை வைக்கும். அங்கே முன்னோர் நிலக்கரித் தூண்களை விட்டுவிட்டு இடையில் உள்ளவற்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இப்போது நாம் இடும் துளைகள் அந்த வெற்றிடங்களுக்குள் இறங்கக்கூடும். பழைய வரைபடங்கள் கேப் டேட்டம் எனப்பட்ட முந்தைய அடிப்படையில் இருக்கலாம். அதற்கும் இன்றைய முறைக்கும் இடையே ஏறத்தாழ 300 மீட்டர் வேறுபாடு உண்டு. அளவு அடியில் இருந்தால் எந்த அடி என்றும் கேட்க வேண்டும். ஆங்கில அடி 0.3048 மீட்டர், கேப் அடி 0.3149 மீட்டர். வேறுபாடு 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் என்றாலும், 300 மீட்டர் தூரத்தில் அது 10 மீட்டராகிவிடும். அந்த விலகலில் தூண் இருப்பதாக நாம் நினைக்கும் இடத்தில் வெற்றிடமும், வெற்றிடம் இருப்பதாக நினைக்கும் இடத்தில் தூணும் இருக்கும். வெற்றிடத்தில் உடைந்து இறங்கும் துளைக்குள் பம்ப் செய்யப்படும் குழம்பு வடிவ வெடிமருந்தான எமல்ஷன் கீழே கொட்டிச் சேர்ந்துகொண்டே போகும்; துளைக்கு இத்தனை கிலோ என்ற மென்பொருளின் எண் அங்கே பொருளற்றது. பழைய தூண்கள் தானாகவே கனன்றுகொண்டிருக்கும் இடங்களில் துளையின் வெப்பநிலையை அளக்காமல் மருந்து இறக்கவே கூடாது. துளை எங்கே உடைந்து இறங்கியது, எந்த ஆழத்தில், என்ன வெப்பத்தில் என்பவற்றைத் துளையிடுபவரிடமிருந்து பெற்று மாதிரியில் ஏற்றுவதற்கு நேரம் ஒதுக்காத திட்டம் அந்த வயலுக்கு ஏற்றதன்று.

அடுத்தது தரைமட்டம். சுரங்கத்தில் படிபோல் வெட்டப்படும் தளத்தைப் பெஞ்ச் என்கிறோம். பெஞ்சின் திட்டமிட்ட மட்டத்தையே துளை வாய்களின் மட்டமாக வைத்துக்கொண்டு எல்லாத் துளைக்கும் ஒரே நீளம் கொடுப்பது பரவலான தவறு. பெஞ்சின் கீழ்மட்டத்துக்கும் கீழே கூடுதலாக இறக்கும் சப்டிரில் 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துளை வாய் 0.7 மீட்டர் மேடாக இருந்தால் அதில் 0.6 மீட்டர்தான் மிஞ்சும்; அடிப்பாறை உடையாமல் நின்று, பாறையை அள்ளும் இயந்திரமான ஷவலின் ஓட்டுநரைத் திணறடிக்கும். அதே அளவு பள்ளமாக இருந்தால் துளை அடுத்த பெஞ்சின் உச்சியையோ, நிலக்கரிச் சுரங்கமானால் கரிப் படுகையையோ சிதைத்துவிடும். துளை நீளம் எப்போதும் அண்மையில் அளந்த மேற்பரப்பிலிருந்து இலக்கு மட்டம் வரை கணக்கிடப்பட வேண்டும். வேண்டிய கட்டளை எல்லா மென்பொருளிலும் உண்டு. எந்த மேற்பரப்புக் கோப்பு இணைக்கப்பட்டுள்ளது, அது எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதுதான் கேள்வி.

முன்வரிசைக்கும் இது பொருந்தும். துளைக்கும் திறந்த முகத்துக்கும் இடையிலுள்ள பாறையின் தடிமனைப் பர்டன் என்கிறோம். திட்டக் கோடு நேராக இருக்கும். முந்தைய வெடிப்பு விட்டுச்சென்ற முகம் அப்படி இருப்பதில்லை. 10 மீட்டர் பெஞ்சின் முகம் 75 பாகையில் சாய்ந்திருந்தால் அதன் அடி, உச்சியைவிட 2.7 மீட்டர் முன்னே தள்ளியிருக்கும். உச்சியிலிருந்து 4.5 மீட்டர் பின்னே செங்குத்தாக இட்ட துளைக்கு அடியில் பர்டன் 7.2 மீட்டராகிவிடும், மருந்தால் அதைத் தள்ள முடியாது. மாறாக, முகத்தின் நடுவில் பாறை பிய்ந்து போய்ப் பர்டன் 3 மீட்டராகக் குறைந்திருந்தால் வாயு அங்கே பீறிட்டுக் கற்களை வெகுதூரம் எறியும். முகத்தை லேசர் ஸ்கேனரிலோ ட்ரோனிலோ அளந்து, ஒவ்வொரு முன்வரிசைத் துளைக்கும் மேலிருந்து கீழ்வரை பர்டனைப் பார்த்து, மெலிந்த இடங்களில் மருந்தைக் குறைத்து அடைக்க வேண்டும்.

முன்பு நன்றாக வெடித்த பிளாக்கின் அமைப்பை நகலெடுத்து ஒட்டுவது எளிது. அதோடு ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ மருந்து என்ற ஒற்றை எண்ணையும் தூக்கி வந்துவிடுகிறோம். அந்த எண் எவ்வளவு மறைக்கிறது என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். 10 மீட்டர் பெஞ்ச், 165 மில்லிமீட்டர் துளை, பர்டன் 4.5 மீட்டர், ஸ்பேசிங் எனப்படும் பக்கவாட்டு இடைவெளி 5.2 மீட்டர், சப்டிரில் 1.3 மீட்டர், வாயை அடைக்கும் ஸ்டெம்மிங் 4 மீட்டர், எமல்ஷனின் அடர்த்தி 1.15 என்றால் துளைக்கு ஏறத்தாழ 180 கிலோ, கன மீட்டருக்கு 0.77 கிலோ வருகிறது. இப்போது 250 மில்லிமீட்டர் துளை, பர்டன் 6.2, ஸ்பேசிங் 7.1, சப்டிரில் 2, ஸ்டெம்மிங் 6 மீட்டர் என்று மாற்றுங்கள். துளைக்கு 339 கிலோ. கன மீட்டருக்கு அதே 0.77. ஆனால் முதல் அமைப்பில் பெஞ்சின் மேல் 4 மீட்டரில் மருந்து இல்லை, இரண்டாவதில் மேல் 6 மீட்டரில் இல்லை. மேலே பெரும் பாறைகள் வரப்போவது உறுதி. துளைகள் குறைவதால் துளையிடும் செலவு குறைந்துவிட்டதாக அறிக்கை மகிழும். நொறுக்கி ஆலையின் வாயில் சிக்கும் பாறைகளின் செலவு வேறொரு துறையின் கணக்கில் ஏறும். இந்தப் பிரிவினையை நான் ஏற்பதில்லை. பாறை மாறினாலும் இதே கதிதான்: மணற்கல் மேற்படிவத்துக்கு எழுதிய அமைப்பை டோலரைட் என்னும் கடினமான பாறை ஊடுருவிய இடத்தில் ஒட்டினால் அது நடக்காது. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் பிளாக் மாடலில் பாறை வகைகள் இருந்தும், வெடிவைப்பு அமைப்போடு அவற்றை இணைக்காமல் விடும் சுரங்கங்கள் பல.

பாறைத் துண்டுகளின் அளவை முன்கூட்டிச் சொல்ல மென்பொருள்கள் பயன்படுத்தும் குஸ்ராம் மாதிரி இந்நாட்டோடு தொடர்புடையது. ஏஇசிஐ என்ற வெடிமருந்து நிறுவனத்தில் பணியாற்றிய கிளாட் கன்னிங்ஹாம், குஸ்நெட்சோவின் சமன்பாட்டையும் ரோசின்-ராம்லர் பரவலையும் இணைத்து 1983இல் அதை வெளியிட்டார். 2005இல் அதைத் திருத்தியும் எழுதினார். அதில் துளைவிலகலுக்கென்று ஒரு மதிப்பு உண்டு. பலர் அதைப் பூஜ்யமாகவே விட்டுவிடுகிறார்கள். 4.5 மீட்டர் பர்டனில் 0.45 மீட்டர் விலகல் இருந்தால், துண்டுகளின் அளவு எவ்வளவு ஒத்திருக்கும் என்பதைக் காட்டும் சீர்மை எண் 10 சதவீதம் குறைய வேண்டும். பூஜ்யம் என்றால் திரையில் வரும் வளைகோடு நடக்காத ஒரு சீர்மையைக் காட்டும். 12 மீட்டர் துளையில் 2 பாகை சாய்வுப் பிழையே அடியில் 0.4 மீட்டர் விலகலைத் தந்துவிடும் என்பதால், அந்த மதிப்பு ஏட்டளவில் நிற்பதன்று. பாறை எவ்வளவு எளிதில் உடையும் என்பதைக் குறிக்கும் பாறைக் காரணியை மென்பொருள் தந்த இயல்பு மதிப்பிலேயே விடுவதும் தவறு. குவியலின் ஒளிப்படங்களிலிருந்து அளவுப் பரவலைப் பெற்று, அதற்கேற்பக் காரணியைத் திருத்த வேண்டும். மேலும் இந்த மாதிரி நுண்துகள்களைக் குறைத்தே மதிப்பிடும். நிலக்கரியிலும் இரும்புத் தாதுவிலும் நுண்துகள் பண இழப்பு என்பதால், இதை ஒரு துணை மதிப்பீடாக மட்டும் கொள்வது நல்லது.

நேர அமைப்பில் நம்மை மயக்குவது அசைபடம். வரிசை வரிசையாகத் துளைகள் ஒளிர்ந்து அணைவதைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். துளையின் வெடிப்பைத் தொடங்கிவைப்பது டெட்டனேட்டர். வேதிக் கலவை எரிந்து தாமதம் தரும் டெட்டனேட்டர்களில் ஒவ்வொன்றும் குறித்த நேரத்திலிருந்து சற்றே பிறழும். 500 மில்லிவினாடித் தாமதத்தில் 1 சதவீதம் என்றாலே 5 மில்லிவினாடி முன்னோ பின்னோ ஆகிறது. திரையில் 9 மில்லிவினாடி இடைவெளியில் தெரியும் இரு துளைகள் களத்தில் ஒன்றாகவே வெடிக்கலாம். 8 மில்லிவினாடிக்குள் வெடிக்கும் மொத்த மருந்தைக் கொண்டே நில அதிர்வைக் கணிக்கிறோம் என்பதால் இது சிறிய விஷயமன்று. தூரத்தையும் மருந்தின் அளவையும் அதிர்வோடு இணைக்கும் சமன்பாட்டில் இங்கு பரவலாக எடுத்தாளப்படும் 1143, 1.65 என்ற மாறிலிகளைக் கொண்டு கணக்கிட்டால், 500 மீட்டர் தூரத்தில் 180 கிலோ வெடிப்பு வினாடிக்கு 2.9 மில்லிமீட்டர் அதிர்வைத் தரும். நான்கு துளைகள் சேர்ந்து வெடித்தால் அது 9.2 ஆகும். பூச்சுச் சுவர் வீடுகளுக்கு அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1980இல் கூறிய 12.7 என்ற எல்லைக்கு அது நெருங்கிவிடுகிறது. அந்த மாறிலிகளும் பொதுவானவையே. உங்கள் சுரங்கத்தின் அளவீடுகளிலிருந்து சொந்த மாறிலிகளைப் பெறும் வரை அவற்றைப் போதுமான இடைவெளி விட்டே பயன்படுத்துங்கள். 500 மீட்டருக்குள் பொதுக் கட்டடங்களோ சாலைகளோ இருந்தால் சட்ட விதிகள் தனி இடர் மதிப்பீட்டைக் கோருகின்றன. வேலிக்கு அப்பால் குடியிருப்பவர்களின் சுவரில் விழும் விரிசல், ஒரு அறிக்கையில் நாம் அடிக்கும் கையெழுத்தைவிடப் பெரியது.

துளையிடப்பட்ட பின் அமைப்பை மீண்டும் கணக்கிடாமல் விடுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். துளை வாய்களின் உண்மையான இடம், அளந்த ஆழம், நீரின் மட்டம், கைவிடப்பட்ட துளைகளும் மாற்றாக இட்டவையும், துளையிடும் முனையான பிட் தேய்ந்ததால் சுருங்கிய விட்டம் ஆகிய அனைத்தும் மென்பொருளுக்குத் திரும்பி வர வேண்டும். 165 மில்லிமீட்டர் பிட் 158 ஆகத் தேய்ந்தால் துளையில் கொள்ளும் மருந்து 8 சதவீதம் குறையும். ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் கோடைக்கால இடிமழை ஒரே மாலையில் துளைகளை நிரப்பிவிடும். அமோனியம் நைட்ரேட்டும் டீசலும் கலந்த மருந்து நீரில் கரைந்துபோகும் என்பதால், மருந்து இறக்கும் அன்று காலையிலேயே அளவுநாடா விட்டுப் பார்த்து எமல்ஷனுக்கு மாற்ற வேண்டிய துளைகளைக் குறித்துவிட வேண்டும். திருத்திய கோப்பைப் புதிய பதிப்பு எண்ணோடு சேமித்து, பழையதைத் துளையிடும் இயந்திரத்திலிருந்தும் மருந்து வண்டியிலிருந்தும் நீக்குங்கள். எந்தத் துளையில் எந்த டெட்டனேட்டர், எத்தனை கிலோ, என்ன நேரம் என்று உண்மையில் நடந்தபடி எழுதிய கோப்பை வெடிப்புக்குப் பின்னும் பாதுகாத்து வையுங்கள். குவியலை அள்ளும்போது வெடிக்காத மருந்து இருப்பதாக ஐயம் எழுந்தால், அது எந்தத் துளையிலிருந்து வந்திருக்கும், எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று ஷவலை நிறுத்திவிட்டு வெடிவைப்பாளர் தேடப்போவது அந்தக் கோப்பில்தான்.