திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பது: சபைகளுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம் 27ஆம் வசனம் பல சபைகளில் காணிக்கை எடுக்கும் நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த வசனத்தில் கொடுப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை "விசாரிக்கிறது" என்றுதான் தமிழ் வேதாகமம் சொல்லுகிறது. நலம் விசாரிப்பதற்கும் வழக்கை விசாரிப்பதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது இந்த ஊழியத்துக்கு மிகவும் பொருத்தமானது. அந்த வசனத்தின் கிரேக்கச் சொல்லும் நேரில் போய்ப் பார்ப்பதையும் பொறுப்பெடுத்துக் கவனிப்பதையுமே குறிக்கிறது. ஆகவே இந்தப் பிள்ளை யார், ஏன் தனியாக நிற்கிறது, இதற்கு இன்னும் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதிலிருந்தே சபையின் வேலை தொடங்குகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்பிவிட்டு அதன்பின் அதை நிரப்பப் பிள்ளைகளைத் தேடும் சபைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது

யுனிசெஃப் நிறுவனத்தின் வரையறைப்படி, தாயையோ தகப்பனையோ இருவரையுமோ இழந்த 18 வயதுக்குட்பட்டவர் அனைவரும் அனாதைக் கணக்கில் சேருகிறார்கள். அந்தக் கணக்கில் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார். வேதாகமத்தின் கணக்கும் இதற்குத் தூரமானதன்று. பழைய ஏற்பாட்டில் "திக்கற்ற பிள்ளை" என்று மொழிபெயர்க்கப்பட்டுள்ள எபிரெயச் சொல் பெரும்பாலும் தகப்பனை இழந்த பிள்ளையையே குறிக்கிறது; அந்தப் பிள்ளையோடு விதவை சேர்ந்தே குறிப்பிடப்படுவதற்குக் காரணம், பல இடங்களில் அந்த விதவை அதே பிள்ளையின் தாயாக இருப்பதுதான். உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போக வேண்டாம் என்று கட்டளையிடப்படுகிறது. தானியத்தைத் தாயும் பிள்ளையுமாக வந்து பொறுக்கிக்கொள்ள விட வேண்டுமே தவிர, தானியத்துக்கு ஈடாகப் பிள்ளையைக் கேட்கச் சொல்லவில்லை.

எனவே ஒரு பிள்ளையைப் பற்றிய செய்தி சபைக்கு வந்தால், மூப்பர்கள் முதலில் தாயின் நிலையை அறிய வேண்டும். வாடகை, மருத்துவச் செலவு, வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று மூன்றில் ஒன்று கிடைத்தாலே சேர்ந்து வாழக்கூடிய குடும்பங்கள் உண்டு. அந்த ஒன்றைக் கொடுப்பதே அங்கே திக்கற்றோர் ஊழியம். வறுமையை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகளும் சொல்லுகின்றன.

தாயாலும் தகப்பனாலும் முடியாது என்று உறுதியான பிறகு, அடுத்து உறவினர்களைத் தேட வேண்டும். எஸ்தரின் கதையை நாம் ராணியின் கதையாகவே பிரசங்கித்துப் பழகிவிட்டோம். அது உறவினர் பராமரிப்பின் கதையுங்கூட. மொர்தெகாய் வளர்த்தது தன் சிறிய தகப்பனின் மகளை. நம் உறவுமுறையில் சொன்னால், பெற்றோரை இழந்த தங்கையை அண்ணனே தன் மகளாக எடுத்து வளர்த்திருக்கிறான். பாட்டி, அத்தை, பெரியப்பா, மூத்த சகோதரி என்று ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொருவரையும் நேரில் விசாரிக்காமல் "யாரும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை.

இந்த விசாரணையைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹெயிட்டி ஓர் எச்சரிக்கை. 2010 ஜனவரியில் அங்கே நிலநடுக்கம் நேர்ந்த சில வாரங்களில், அமெரிக்கச் சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர் 33 பிள்ளைகளை உரிய ஆவணங்கள் இன்றி எல்லை தாண்டி அழைத்துச் செல்ல முயன்று கைதானார்கள். அனாதைகளை மீட்கிறோம் என்று புறப்பட்டவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடிருந்தது பின்னர் தெரியவந்தது. நல்ல நோக்கம் இருந்ததா என்பது இங்கே இரண்டாவது கேள்வி.

கட்டடம் ஏன் கடைசி வழி

திக்கற்றோர் ஊழியம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருகிறவர் ஜார்ஜ் முல்லர். 1836இல் பிரிஸ்டல் நகரில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கிய அவருடைய பணி, அவருடைய காலத்திலேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தாங்கியது. யாரிடமும் பணம் கேட்காமல் ஜெபத்தை மட்டுமே நம்பிய அவருடைய விசுவாசத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஏழைப் பிள்ளைகளைப் பணிமனை விடுதிகளில் தள்ளிய காலத்தில் அவருடைய இல்லங்கள் பெரிய இரக்கமாக விளங்கின. ஆனால் அவரை முன்மாதிரியாகக் காட்டிப் பெரிய இல்லம் கட்டுகிறவர்கள், அவர் நிறுவிய அமைப்பே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தப் பெரிய கட்டடங்களை விட்டு வெளியேறிச் சிறிய குடும்ப வீடுகளுக்கு மாறியதைச் சொல்லுவதில்லை.

காரணம் ஆய்விலும் தெளிவாகியிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 சிறு பிள்ளைகளில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பங்களுக்குச் சென்றவர்கள் அறிவு வளர்ச்சியிலும், தம்மை வளர்ப்பவரோடு கொள்ளும் பற்றுறவிலும் முன்னேறினார்கள். சுமார் இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்களிடம் அந்த முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. இல்லத்தில் உணவும் உடையும் குறைவில்லாமல் கிடைக்கலாம். ஆனால் மூன்று வேளைப் பணிமுறையில் மாறிமாறி வரும் பணியாளர்களில் எவரும் அந்தப் பிள்ளைக்கென்று மட்டும் இருப்பதில்லை. ஏற்கெனவே இல்லம் நடத்தும் சபை அதை ஒரே நாளில் மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்தி, இருக்கிற ஒவ்வொருவரின் குடும்பத்தையும் தேடத் தொடங்கி, பணியாளர்களைக் குடும்ப ஆதரவுப் பணிக்கு மாற்றலாம். விடுமுறையில் வந்து பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிப் படமெடுத்துவிட்டுத் திரும்பும் குழுக்களை மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டும். அவர்கள் விடைபெறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளைகள் இன்னொரு முறை கைவிடப்படுகிறார்கள்.

சபையை ஆயத்தப்படுத்துதல்

வளர்ப்புப் பராமரிப்பு என்பது, அரசின் அல்லது நீதிமன்றத்தின் பொறுப்பிலுள்ள பிள்ளையை, அதன் குடும்பம் சீராகும்வரை, அல்லது வேறு நிரந்தர ஏற்பாடு ஆகும்வரை, நம் வீட்டில் வைத்து வளர்ப்பது. தத்தெடுப்பில் சட்டப்படி நிரந்தரமாகப் பெற்றோர் ஆகிறோம். இரண்டுக்கும் மனநிலை வேறு. தத்தெடுக்கும் ஆசையை உள்ளே வைத்துக்கொண்டு வளர்ப்புப் பராமரிப்புக்கு வருகிறவர்கள், பெற்ற தாய் திருந்தி வரக் கூடாது என்று தம்மையறியாமல் ஜெபிக்கத் தொடங்கிவிடுவதுண்டு. முதல் சந்திப்பிலேயே இதை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

உருக்கமான ஒரு செய்தியின் முடிவில் அர்ப்பணிப்பு அழைப்பு விடுத்து, எழுந்து நின்றவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளும் பழக்கத்தை இதில் கையாளாதீர்கள். கண்ணீரில் எடுத்த தீர்மானம் மூன்றாவது மாதத்தில் கரைந்துபோகும். அப்போது இழப்பு பிள்ளைக்குத்தான். விருப்பமுள்ள தம்பதிகள், தனியாக வாழ்கிறவர்களும் சட்டம் அனுமதித்தால், நாட்டின் சட்டப்படியான விண்ணப்பம், பின்னணிச் சரிபார்ப்பு, வீட்டு ஆய்வு, பயிற்சி ஆகிய அனைத்தையும் கடந்து வரட்டும். மூப்பரின் மருமகன் என்பதற்காக எந்தப் படியையும் தாண்டவிடக் கூடாது.

சபையில் ஒன்றோ இரண்டோ குடும்பங்கள்தாம் பிள்ளையை வீட்டுக்கு அழைக்கும். மற்றவர்கள் அந்தக் குடும்பத்தைத் தாங்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட ஆதரவுக் குழு போதும். ஒருவர் வாரம் ஒருமுறை சமைத்துக் கொண்டுவருவார். ஒருவர் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் வண்டி ஓட்டுவார். ஒருவர் மூத்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவார். முறையாகச் சரிபார்க்கப்பட்ட இருவர், மாதத்தில் ஒரு மாலை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பெற்றோரை வெளியே அனுப்பிவைப்பார்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் இந்தக் குழுவில் இருக்க வேண்டாம், ஏனெனில் சோர்ந்துபோன வீடு எதையும் கேட்காது. செவ்வாய்க்கிழமை ஆறு மணி என்று நாளும் நேரமும் சொல்லுகிறவர்தாம் வேண்டும்.

பிள்ளை வரும் இரவு

பெரும்பாலும் முன்னறிவிப்பு சில மணி நேரந்தான். பிள்ளை ஒரு பையோடு வரும். சில வேளைகளில் அது குப்பை போடும் நெகிழிப் பையாகவும் இருக்கும். அதைப் பிடுங்கி அலமாரியில் அடுக்க முயல வேண்டாம். அதில் அழுக்கான ஒரு போர்வை இருந்தால், துவைக்கலாமா என்று பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அதில் இருக்கும் மணம் அதன் வீட்டின் மணம். குளியலறை எங்கே, இரவில் எந்த விளக்கு எரியும், பயமாயிருந்தால் எந்தக் கதவைத் தட்டலாம் என்று காட்டிவிட்டு, அன்றிரவு கேள்விகளை நிறுத்திக்கொள்ளலாம். சில நாள் கழித்துத் தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டு கிடைத்தால், அதைத் திருட்டு என்று கண்டிக்காமல், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் உணவுக் கூடையைப் படுக்கையருகில் வைப்பதே சரியான பதில். பசித்துக் கிடந்த உடல், நாளைக்கும் உணவு உண்டு என்பதை நம்பப் பல மாதங்கள் ஆகும்.

கூச்சலையும் மூர்க்கத்தையும் கண்டு, பிசாசின் பிடி என்று தீர்ப்புச் சொல்லிப் பிள்ளையைச் சுற்றி நின்று சத்தமாய் ஜெபிப்பவர்களிடமிருந்து அதைக் காப்பதும் சபையின் கடமை. அடிபட்டு வந்த பிள்ளைக்கு, தலைக்கு மேலே நீளும் கை ஆசீர்வாதமாகத் தெரியாது. பிரம்பைப் பற்றிய நீதிமொழிகள் வசனமும் இங்கே செல்லாது. பல நாடுகளில் வளர்ப்புப் பெற்றோர் பிள்ளையை அடிப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

ஜெபக்குறிப்பும் ஞாயிறு பள்ளியும்

பிள்ளையின் இரகசியம் சபையில் கசிகிற வழி பெரும்பாலும் ஜெபக்குறிப்புதான். "அதன் தாய் போதைப்பழக்கத்தில் இருக்கிறாராம், விசேஷமாய் ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று புதன்கிழமை சொன்னது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பிள்ளையோடு படிக்கும் பிள்ளைகளின் காதுக்கு வந்துவிடும். பெயரும் விவரமும் இல்லாமல் ஜெபித்தால் தேவனுக்குப் புரியாமல் போய்விடாது. பிள்ளையின் படத்தைத் திரையில் காட்டுவதும் சாட்சி சொல்ல மேடையேற்றுவதும் கூடவே கூடாது.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும். குழந்தைப் பருவப் புகைப்படம் கொண்டுவரச் சொல்லும் பாடமும் குடும்ப மரம் வரையும் பாடமும் இந்தப் பிள்ளைகளை வகுப்பின் நடுவில் தனியே நிறுத்திவிடும். தேவன் நம் தகப்பன் என்று சொல்லும்போது, தகப்பன் என்ற சொல்லைக் கேட்டதும் மேசைக்கு அடியில் ஒளிகிற பிள்ளையும் உண்டு என்பதை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியறையில் தனித்து இருக்கக் கூடாது என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். அது போதகருக்கும் பொருந்தும்.

புத்திரசுவிகாரம் என்ற சொல்

ரோமர் 8:15இல் வரும் புத்திரசுவிகாரத்தை, அதாவது தேவன் நம்மைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்வதை, தத்தெடுப்புக்கு ஆதாரமாகப் பிரசங்கிப்பது வழக்கம். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பாவத்தின் அடிமைத்தனத்திலிருந்து தேவன் நம்மைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டதைத் தத்தெடுப்போடு நேருக்கு நேர் பொருத்தினால், தத்தெடுத்த பெற்றோர் தேவனுடைய இடத்திலும், பெற்ற தாய் அடிமைத்தனத்தின் இடத்திலும் போய் நிற்கிறார்கள். பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மீட்கப்பட்டவன் நன்றியுள்ளவனாக இருக்க வேண்டும் என்ற சுமையும் அதன் தலையில் ஏறுகிறது. மோசேயைப் பார்வோனின் குமாரத்தி வளர்த்தாள் என்பதோடு, அவனுக்குப் பால் கொடுத்தவள் பெற்ற தாயே என்பதையும் அதே பிரசங்கத்தில் சொல்ல வேண்டும்.

தத்தெடுத்த உண்மையைப் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது. பேசத் தொடங்கும் வயதிலிருந்தே அந்தச் சொல் வீட்டில் புழங்க வேண்டும். நாடு விட்டு நாடு தத்தெடுக்க விரும்புகிறவர்கள், 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை தரும் பாதுகாப்புகளை அறிந்திருக்க வேண்டும்: சொந்த நாட்டில் பொருத்தமான குடும்பம் கிடைக்குமா என்று உரியபடி பார்த்த பிறகே வெளிநாடு, பெற்றோரின் சம்மதம் பணத்தால் பெறப்பட்டதாக இருக்கக் கூடாது. ஓர் இடைத்தரகர் விரைவாக முடித்துத் தருகிறேன் என்றால், அந்த விரைவே சந்தேகத்துக்குப் போதுமான காரணம்.

ஞானஸ்நானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளையின் மதம், மொழி, பண்பாடு ஆகியவற்றின் தொடர்ச்சிக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 20ஆம் பிரிவில் கூறுகிறது. பெற்றோரின் அனுமதியும் பொறுப்பான அதிகாரியின் அனுமதியும் இன்றி அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, எவ்வளவு வாஞ்சையோடு செய்தாலும், நம்பி ஒப்படைத்தவர்களை ஏமாற்றுவதாகும்.

திரும்பிப் போகும் நாள்

தாய் சிகிச்சை முடித்து வீடு எடுத்துவிட்டாள், நீதிமன்றம் பிள்ளையைத் திரும்ப அனுப்புகிறது என்றால், ஊழியம் நிறைவேறியது. ஆயினும் வளர்த்தவர்களுக்கு அது துக்கந்தான். அந்த வாரத்தில் ஆதரவுக் குழு கலைந்துவிடாமல், ஒரு மரணம் நேர்ந்த வீட்டுக்குப் போவதுபோல் உணவோடு போய் உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளையோடு அனுப்ப ஒரு புகைப்படப் புத்தகம், மருந்துப் பட்டியல், பள்ளிக் குறிப்புகள், அது எப்படித் தூங்கும் என்று தாய்க்கு எழுதிய ஒரு கடிதம் ஆகியவற்றை ஒரு நல்ல பெட்டியில் வையுங்கள். வரும்போது கொண்டுவந்த பழைய போர்வை மேலே இருக்கட்டும். தாய் சம்மதித்தால், இதுவரை வளர்ப்புக் குடும்பத்துக்கு வந்த செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு அடுத்த வாரத்திலிருந்து அவளுடைய வீட்டுக்குப் போகலாம்.